சான்றிதழில் கையெழுத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி: பின்னணியை எப்படி நீக்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்குச் சான்றிதழ் வடிவமைக்கிறீர்கள். தாள் சந்தன நிறம், கீழே அரக்கு நிறத்தில் ஒரு பட்டை. தலைமை ஆசிரியரின் கையெழுத்தையும் ஊதா மையில் குத்திய வட்ட சீலையும் ஸ்கேன் செய்து வைத்தால் சுற்றிலும் வெள்ளைப் பெட்டி தெரிகிறது. மென்பொருளில் உள்ள மேஜிக் வாண்ட் கருவியால் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து அழித்தால் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி ஆகிறது. ஒருவழியாகச் சரிசெய்து அச்சகத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினால், அங்கே மறுபடியும் வெள்ளைப் பெட்டி.

இதில் இரண்டு பிரச்சினை இருக்கிறது. வாட்ஸப் விஷயம் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். வாட்ஸப்பில் படத்தை ‘போட்டோ’வாக அனுப்பினால் அது ஜேபெக்காக (ஜேபிஜி) மாற்றப்பட்டுச் சுருக்கப்பட்டுத்தான் போகும். சாதாரண ஜேபெக்கில் ஊடுருவித் தெரிவதைக் குறித்துவைக்க இடமே கிடையாது. அதனால் வெற்றாக இருந்த இடத்தை மென்பொருள் வெள்ளையாலோ கருப்பாலோ நிரப்பிவிடுகிறது. அதே கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கோப்பின் பெயரில் டாட் ஜேபிஜி என்பதை, ஊடுருவித் தெரிவதைக் காப்பாற்றும் வடிவமான டாட் பிஎன்ஜி என்று மாற்றிவைப்பதால் எதுவும் நடக்காது. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது ஜேபெக்தான்.

இனி ஓரத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் அங்கேதான். அதைப் புரிந்துகொண்டால் எந்த மென்பொருளிலும் வேலையை முடித்துவிடலாம். புரியாவிட்டால் எவ்வளவு விலையுள்ள மென்பொருள் இருந்தும் அழிப்பானை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. டிரான்ஸ்பரன்சி, அதாவது ஊடுருவித் தெரியும் தன்மை, இவற்றோடு சேரும் நான்காவது எண். அதற்குப் பெயர் ஆல்ஃபா. 255 என்றால் பிக்சல் முழுக்கத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது, 128 என்றால் பாதி நிறம் இதனுடையது, மீதிப் பாதி அடியில் இருக்கும் படத்தினுடையது. நீங்கள் செய்ய வேண்டியது பின்னணியை அழிப்பது அல்ல, ஒவ்வொரு பிக்சலுக்கும் இந்த நான்காவது எண்ணைச் சரியாகப் போடுவது. சுத்த வெள்ளையாக உள்ள இடத்தில் 0, மை அடர்த்தியாக உள்ள இடத்தில் 255. அதில் சந்தேகமில்லை. நடுவில் உள்ள பிக்சல்களில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம்.

உங்கள் சீலின் ஒரு பிக்சலைக் கிட்டத்தில் பார்ப்போம். ஊதா மையின் நிறம் சிவப்பு 80, பச்சை 40, நீலம் 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் வெள்ளை, மூன்றும் 255. மை முடிந்து தாள் தொடங்கும் இடத்தில் ஒரு பிக்சலில் பாதி மை, பாதி தாள். ஸ்கேனர் இரண்டையும் கலந்து 168, 148, 198 என்று எழுதிவைக்கும். அதாவது வெளிறிய ஊதா. மேஜிக் வாண்ட் வெள்ளையைத் தேடுகிறது. எவ்வளவு வித்தியாசம் வரை வெள்ளை என்றே ஏற்கலாம் என்பதற்கு டாலரன்ஸ் என்று பெயர், ஃபோட்டோஷாப்பில் அது சாதாரணமாக 32. இந்தப் பிக்சலின் பச்சை எண் வெள்ளையிலிருந்து 107 தள்ளி இருப்பதால் வாண்ட் இதைத் தொடாது. வெளிறிய ஊதா முழு ஆல்ஃபாவோடு அப்படியே நிற்கும். சந்தனத் தாளில் அது அவ்வளவாகத் தெரியாது. அரக்குப் பட்டைமேல் சீலின் ஒரு பகுதி ஏறியதோ, அங்கே வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டிவிடும். சரி, டாலரன்ஸை 110-க்கு ஏற்றலாமே என்றால், மை மெல்லியதாகப் பதிந்த எழுத்துகளும் பேனா லேசாக ஓடிய வால்களும் சேர்ந்து போய்விடும். எலி கடித்தது அப்படித்தான். எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் விளிம்பு, இன்னொரு பக்கம் கடி. குறை உங்கள் கையில் இல்லை. ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று இரண்டே பதில் தெரிந்த கருவியிடம் ‘பாதி’ என்ற பதிலை எதிர்பார்க்க முடியாது.

அந்தப் பிக்சலுக்கு நாம் தர வேண்டிய சரியான விடை இது: நிறம் 80, 40, 140, ஆல்ஃபா 128. அதாவது வெள்ளையோடு கலந்த நிறத்திலிருந்து வெள்ளையைப் பிரித்து எடுத்துவிட்டு, அது இருந்த அளவுக்கு ஆல்ஃபாவைக் குறைக்க வேண்டும். அப்புறம் அதைச் சந்தனத் தாளில் வைத்தால் சந்தனத்தோடு கலக்கும், அரக்கில் வைத்தால் அரக்கோடு கலக்கும். விளிம்பு என்ற பேச்சே வராது.

இந்த நான்காவது எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970-களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் வேலை பார்த்த எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் கொண்டுவந்த யோசனை இது. இருவரும் பின்னாளில் அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரைத் தொடங்கியவர்கள். ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை எந்தக் கணக்கில் ஏற்றுவது என்பதை 1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒரு ஆய்வுக்கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார்கள். இன்று உங்கள் கைப்பேசித் திரையில் ஒரு பட்டனின் நிழல் விழுவது வரை அந்தக் கணக்குதான். கோப்பு வடிவங்கள் இதைப் பிடிக்கக் கொஞ்சம் காலம் ஆயிற்று. 1987-இல் வந்த ஜிஃப் வடிவத்தின் 1989 பதிப்பில் ஏதாவது ஒரு நிறத்தை மட்டும் ‘தெரியாதது’ என்று குறிக்கலாம், பாதி என்பது கிடையாது. பழைய இணையதளங்களில் ஜிஃப் படங்களைச் சுற்றி அசிங்கமான பற்கள் தெரிந்ததற்கு அதுதான் காரணம். 1996-இல் வந்த பிஎன்ஜிதான் 256 படிநிலை உள்ள ஆல்ஃபாவைப் பரவலாக்கியது. அப்போதும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அதைச் சரியாகக் காட்டாமல் சாம்பல் பெட்டி காட்டி இணைய வடிவமைப்பாளர்களின் உயிரை எடுத்தது. இப்போது பிஎன்ஜி, வெப்பி, ஏவிஃப் மூன்றிலும் ஆல்ஃபா உண்டு. அச்சக வேலைக்கு பிஎன்ஜி போதும்.

சரி, வேலைக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் படத் திருத்த மென்பொருளான கிம்ப்பில் இதற்கென்றே ஒரு வசதி இருப்பதால் அதிலேயே செய்து காட்டுகிறேன்.

ஸ்கேன் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலர், பிஎன்ஜி அல்லது டிஃப் ஆகச் சேமியுங்கள். சான்றிதழில் கையெழுத்து 5 சென்டிமீட்டர் அகலம் வரும் என்றால், 300 டிபிஐயில் அச்சிட ஏறத்தாழ 590 பிக்சல் தேவை. 600-இல் ஸ்கேன் செய்தால் அதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும், சுத்தம் செய்யத் தாராளமாக இருக்கும். ஜேபெக்காகச் சேமித்தால் மையைச் சுற்றிக் கொசு மொய்க்கும் பாணியில் புள்ளிகள் விழும், பின்னணியை நீக்கும்போது அவை எல்லாம் அழுக்காக எழுந்து நிற்கும். கைப்பேசியில் உள்ள ஸ்கேனர் செயலிகளை இதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தாளை வெளுப்பாக்குகிறேன் என்று அவை எழுத்தின் ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிடுகின்றன, நமக்குத் தேவையான அந்த ‘பாதி’ பிக்சல்களே காணாமல் போகின்றன. ஸ்கேனர் இல்லை என்றால் ஜன்னல் ஓரம் வைத்து, நிழல் விழாமல் கேமராவில் நேராகப் படம் எடுங்கள். முடிந்தால் புதிதாக ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டு வாங்குங்கள். கோடு போட்ட தாளிலிருந்து கையெழுத்தைப் பிரிப்பது வேண்டாத வேலை.

கிம்ப்பில் படத்தைத் திறந்ததும் வலப்பக்கம் லேயர் பட்டியலைப் பாருங்கள் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு). லேயரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் அதற்கு ஆல்ஃபா இல்லை என்று பொருள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. அந்த நிலையில் அழிப்பானால் அழித்தால் ஊடுருவித் தெரியாது, பின்னணி நிறம்தான் பூசப்படும். ‘அழித்தேன், வெள்ளையாகத்தான் வருகிறது’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். லேயர் பெயர்மேல் வலது சொடுக்கி ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுத்தால் தடித்த எழுத்து சாதாரணமாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் இதே விஷயம் பூட்டுப் படம் போட்ட ‘பேக்ரவுண்ட்’ லேயர். அதை இரட்டைச் சொடுக்கு சொடுக்கி ‘லேயர் 0’ ஆக்கினால் பூட்டு திறக்கும்.

அடுத்தது தாளை உண்மையிலேயே வெள்ளையாக்குவது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள் ஸ்கேனில் 238, 236, 230 என்றுதான் இருக்கும், ஒரு மூலையில் இன்னும் மங்கலாகவும் இருக்கும். ‘கலர்ஸ்’ மெனுவில் ‘லெவல்ஸ்’ திறந்து, அங்கே தெரியும் வரைபடத்தின் வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தை, தாளின் நிறத்தைக் காட்டும் குன்று முடியும் இடம் தாண்டி இடப்பக்கம் நகர்த்துங்கள். தாள் முழுக்க 255-க்கு ஏறிவிடும். அதிகமாக நகர்த்தினால் மெல்லிய கோடுகள் மறையும், அதனால் கையெழுத்தின் மிக மெல்லிய வாலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். பொறுமையாகச் செய்ய வேண்டிய ஒரே கட்டம் இதுதான். இங்கே அரை நிமிடம் கூடச் செலவழித்தால் பின்னால் அரை மணி நேரம் மிச்சம்.

இப்போது ‘கலர்ஸ்’ மெனுவில் ‘கலர் டு ஆல்ஃபா’. நீக்க வேண்டிய நிறமாக வெள்ளையைக் கொடுங்கள். அவ்வளவுதான், தாள் போய்விடும். கட்டம் கட்டமான சதுரங்கப் பின்னணிமேல் மை மட்டும் மிதக்கும்.

இது உள்ளே என்ன செய்கிறது என்று அதே பிக்சலை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் எவ்வளவு வெள்ளையை எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிடுகிறது. முழு மை 80, 40, 140. இதில் மிகச் சிறிய எண் 40, அதாவது 40 அளவுக்கு வெள்ளை இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆல்ஃபா 84 சதவீதம், மிஞ்சிய நிறம் 47, 0, 119. ஓரத்துப் பிக்சல் 168, 148, 198. இதில் 148 வெள்ளையை எடுத்தால் ஆல்ஃபா 42 சதவீதம், மிஞ்சிய நிறம் அதே 47, 0, 119. கவனித்தீர்களா? ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே நிறம், ஆல்ஃபா மட்டும் சரியாகப் பாதி. மேஜிக் வாண்டால் எந்த ஜென்மத்திலும் செய்ய முடியாத வேலை இது.

ஆனால் ஒரு விளைவு இருக்கிறது. நடு மையும் முழுக்க அடர்த்தியாக இல்லாமல் 84 சதவீதமாக நிற்கிறது. சீலுக்கு இது நல்லதே. ரப்பர் ஸ்டாம்ப் மை தாளின் நிறத்தைக் கொஞ்சம் காட்டத்தான் செய்யும். 250, 240, 210 என்ற சந்தன நிறத்தாளில் வைத்தால் 79, 38, 133 வருகிறது, அசல் மையிலிருந்து கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம். அரக்குப் பட்டைமேல் போனால் இருண்டுவிடும், நிஜத்தில் அங்கே சீல் குத்தினாலும் அப்படித்தான் ஆகும். லோகோவுக்கோ கருப்பு எழுத்துக்கோ முழு அடர்த்தி வேண்டும் என்றால், அதே சாளரத்தில் ‘ஒபாசிட்டி த்ரெஷோல்ட்’ என்று ஒரு அளவு இருக்கிறது. அதை 1-இலிருந்து மெல்லக் குறைத்தால் நடுப்பகுதி முழுதாகக் கெட்டிப்படும், ஓரம் மட்டும் படிப்படியாக மங்கும். ‘டிரான்ஸ்பரன்சி த்ரெஷோல்ட்’ என்பது மறுபக்கம்: தாளில் மிஞ்சிய லேசான அழுக்கை அதைச் சற்று ஏற்றி விரட்டலாம். லெவல்ஸ் சரியாகச் செய்திருந்தால் இதைத் தொட வேண்டியே வராது.

செய்து முடித்ததைச் சதுரங்கக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வெளிர் சாம்பலும் அடர் சாம்பலும் கலந்த அந்தப் பின்னணி எல்லாக் குறைகளையும் மறைக்கும். கீழே ஒரு புது லேயர் போட்டு முதலில் கருப்பு நிரப்பிப் பாருங்கள், அப்புறம் அரக்கு, அப்புறம் சந்தனம். கருப்பின் மேல் வெள்ளைத் தூசி மினுக்கும், அங்கங்கே இருந்தால் அழிப்பானால் துடைத்துவிடலாம். பார்த்து முடித்ததும் சோதனை லேயர்களின் கண் குறியை எடுத்துவிட மறக்க வேண்டாம், ஏனென்றால் பிஎன்ஜி ஏற்றுமதியில் கண்ணுக்குத் தெரியும் லேயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் போகும். ‘இமேஜ்’ மெனுவில் ‘கிராப் டு கன்டென்ட்’ கொடுத்தால் சுற்றியுள்ள வெற்றிடம் வெட்டப்படும். பிறகு ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ போய் டாட் பிஎன்ஜி என்று பெயர் கொடுங்கள். வேலைக் கோப்பை எக்ஸ்சிஎஃப் ஆகத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் ‘கலர் டு ஆல்ஃபா’ என்று தனிக் கட்டளை இல்லை. அதற்குச் சமமான வழி ஒன்று உண்டு. லெவல்ஸ் முடித்ததும் சேனல்ஸ் பேனலில் ஆர்ஜிபி சிறு படத்தைக் கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். வெளிச்சமான இடங்கள் வெளிச்சத்தின் அளவுக்கே தேர்வாகும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ அழுத்தித் தேர்வைத் தலைகீழாக்கினால் மை அதன் அடர்த்திக்கு ஏற்பத் தேர்வாகிவிடும். புது லேயரில் மையின் நிறத்தை நிரப்பிவிட்டுப் பழைய லேயரை மறைத்துவிடுங்கள். வெளிறித் தெரிந்தால் லேயரை ஒரு நகல் எடுத்து மேலே வைத்தால் அடர்த்தி கூடும். இதில் ஒரே நிறம்தான் வரும். நீலப் பேனாக் கையெழுத்தும் ஊதா சீலும் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் கிம்ப் வழியே மேல், அது இரண்டு மையையும் தனித்தனி நிறமாகக் காப்பாற்றும். ஃபோட்டோஷாப் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஃபோட்டோபீ இருக்கிறது. பிரௌசரிலேயே ஓடும், மெனுக்கள் ஏறக்குறைய அதே மாதிரி, கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

சான்றிதழ் முழுவதையும் ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோதான் செய்கிறீர்கள் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம். ஸ்கேன் லேயரின் பிளெண்டிங் மோடை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். வெள்ளை தானாக மறைந்து மை மட்டும் தாளில் இறங்கும். லெவல்ஸ் மட்டும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மங்கலான பெட்டி ஒன்று தெரியும். வேர்டிலோ பவர்பாயின்டிலோ ஒட்டப் போகிறீர்கள் என்றால்தான் உண்மையான ஆல்ஃபா தேவை. வேர்டில் ‘செட் டிரான்ஸ்பரன்ட் கலர்’ என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஜிஃப் காலத்துச் சரக்கு: ஒரே ஒரு நிறத்தை மட்டும் மறைக்கும், பாதி கிடையாது. மேஜிக் வாண்டின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்காவிட்டாலும் அடுத்து இதற்குத்தான் வருவீர்கள் என்பதால் மற்ற வகைப் படங்களையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி லோகோ ஒன்றிரண்டு தட்டை நிறங்களில் இருந்தால், டிரான்ஸ்பரன்சிக்காக மெனக்கெடாமல் இன்க்ஸ்கேப்பில் ‘டிரேஸ் பிட்மேப்’ செய்தோ, கோரல்டிராவில் டிரேஸ் செய்தோ வெக்டராக, அதாவது புள்ளிகளுக்குப் பதில் கோடுகளால் ஆன படமாக, மாற்றிவிடுங்கள். பேனராக அடித்தாலும் பேட்ஜாக அடித்தாலும் ஓரம் கத்தி மாதிரி நிற்கும்.

ஆள் புகைப்படம் வேறு கதை. அங்கே பின்னணி ஒரே நிறம் இல்லை, ஆகவே ‘கலர் டு ஆல்ஃபா’ உதவாது, முகத்தின் வெளிச்சத்தையும் சேர்த்து எடுத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ போட்டு, ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ உள்ளே போய் முடிப் பகுதியை ‘ரிஃபைன் ஹேர்’ கொண்டு திருத்துங்கள். அங்கே கீழே ‘டிகன்டாமினேட் கலர்ஸ்’ என்று ஒரு பெட்டி இருக்கும். நாம் சீலில் செய்த அதே பிரித்தெடுக்கும் வேலையைத்தான் அது முடிக்குச் செய்கிறது: பச்சை மரத்தடியில் எடுத்த படத்தில் கூந்தல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பச்சையை எடுத்துவிட்டு முடியின் நிறத்தைப் போடும். ஏற்கெனவே வெள்ளைப் பின்னணியிலிருந்து வெட்டி ஓரத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும் படம் கைக்கு வந்தால், ‘லேயர்’ மெனுவின் அடியில் ‘மேட்டிங்’, அதற்குள் ‘ரிமூவ் வொயிட் மேட்’. கிம்ப்பில் ஆள் படத்துக்கு ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’ கருவி இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொன்னால் சுருட்டை முடிக்கு அது மல்லுக்கட்டும். அவசரத்துக்கு ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் படத்தில் ஆளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே பின்னணி விலகி வரும், விண்டோஸ் 11 பெயின்டிலும் இப்போது பின்னணி நீக்கும் பட்டன் வந்துவிட்டது. வாட்ஸப் ஸ்டிக்கர், முகப்புப் படம் போன்றவற்றுக்கு இவை தாராளம். பெரிய அளவில் அச்சுக்குப் போகும்போது ஓரத்தை ஒருமுறை 200 சதவீதத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இணையத்தில் தேடி எடுக்கும் ‘டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி’ படங்களில் பாதி போலி. சதுரங்கக் கட்டமே படத்தில் பதிந்திருக்கும். தேடல் பக்கத்தில் சிறிதாகப் பார்க்கும்போதே கட்டம் தெரிந்தால் பெரும்பாலும் போலிதான். நிஜமானது அங்கே வெள்ளையாகவோ கருப்பாகவோ தெரிந்து, கிம்ப்பில் திறக்கும்போதுதான் கட்டம் காட்டும்.

படத்தின் ஒரு பக்கம் படிப்படியாக மறைய வேண்டும், அதாவது மாணவர் படம் சான்றிதழ் தாளுக்குள் கரைந்து போவது மாதிரி வேண்டும் என்றால், அழிப்பானைத் தொடாதீர்கள். லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, அதில் கருப்பிலிருந்து வெள்ளைக்கு கிரேடியன்ட் இழுங்கள். மாஸ்க்கில் வெள்ளை தெரியும், கருப்பு மறையும், சாம்பல் அந்த அளவுக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி இழுக்கலாம், படத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பின்னால் மங்கலாகப் பள்ளிச் சின்னம் தெரிய வேண்டும் என்பதற்கு லேயரின் ஒபாசிட்டியை 8 அல்லது 10 சதவீதத்துக்கு இறக்கினால் போதும். திரையில் அழகாகத் தெரியும் 5 சதவீதம் அச்சில் காணாமல் போகும், அதனால் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபா 0 என்றால் நிறம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூன்று எண்களும் பல நேரம் உள்ளேயே இருக்கும், நான்காவது எண் மட்டும்தான் மறைக்கிறது. கிம்ப்பின் அழிப்பானில் ‘ஆன்டி இரேஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுத் தடவினால் அழித்தது திரும்ப வரும். பிஎன்ஜி ஏற்றுமதிச் சாளரத்தில் மறைந்த பிக்சல்களின் நிறத்தையும் சேர்த்துச் சேமிக்கவா என்று ஒரு பெட்டி வேறு இருக்கிறது. ஆதார் நகலில் எண்ணை அழிப்பானால் மறைத்துவிட்டு யாருக்கும் அனுப்பாதீர்கள். அதற்கு மேலே கருப்புப் பட்டை வரைந்து, எல்லா லேயரையும் ஒன்றாக்கும் ‘ஃப்ளாட்டன் இமேஜ்’ கொடுத்து, ஜேபெக்காகச் சேமிப்பதே சரி.

கையெழுத்து விஷயத்திலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். பின்னணி இல்லாத கையெழுத்து பிஎன்ஜியும் அதே மாதிரி சீலும் யார் கைக்குப் போனாலும் எந்தத் தாளிலும் ஒட்டலாம். அதனால் அந்த இரண்டு கோப்புகளை அச்சகத்துக்குத் தனியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். நீங்களே சான்றிதழில் வைத்து முடித்து, எல்லா லேயரையும் ஃப்ளாட்டன் செய்து, ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில், அதாவது 2480-க்கு 3508 பிக்சலில், ஒரே படமாக்கிப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். ஃப்ளாட்டன் செய்யாத பிடிஎஃபிலிருந்து கையெழுத்தை அதன் டிரான்ஸ்பரன்சியோடு அப்படியே உருவி எடுக்க முடியும். பெயர்கள் ஒவ்வொன்றாக மாறும் என்றால் பெயர் இடத்தைக் காலியாக விட்டு அடித்து, பெயரைப் பள்ளியிலேயே எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று: நூறு சான்றிதழுக்குள் என்றால் கையெழுத்தை அச்சிடாமல் தலைமை ஆசிரியரிடமே கொடுத்து நேரில் போடச் சொல்வதுதான் என் ஓட்டு. சீலையும் கையாலேயே குத்திவிடலாம், அரக்குப் பட்டையைத் தொடாமல் கொஞ்சம் மேலே.

அச்சிடத்தான் போகிறீர்கள் என்றால் வாட்ஸப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பிவிட்டு, மொத்தமும் அடிக்கும் முன் அதே சந்தனத் தாளில் ஒரு பிரதி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊதா திரையில் இருப்பது மாதிரி அச்சில் வராது, கொஞ்சம் மங்கும். அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு லெவல்ஸில் நடு முக்கோணத்தைச் சற்று நகர்த்தி மையை ஒரு படி அடர்த்தியாக்கிக்கொள்ளலாம்.